எதிர்க்கை

பிப்ரவரி 6

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத வேண்டும். எழுத மாட்டேன். ஃபோன் செய்திருக்கலாமே என்பீர்கள். செய்தால் “ஒரு நிமிஷம் சம்பந்தி” என்று பேத்தியின் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடுவீர்கள். அவள் “பாட்டி, பூனை!” என்று சொன்னால் என் கோபமெல்லாம் கரைந்து போகும். கடிதத்தை அப்படிக் கைமாற்றிவிட முடியாது. உட்கார்ந்து படியுங்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான். எழுத்து கோணலாக இருக்கும், கோபம் நேராக இருக்கும்.

நீங்கள் வேலையிலிருந்து நின்று, மகன் வீட்டோடு போய் இருக்கப் புறப்பட்ட அன்று, சலவைக்கூடத்தில் கூட்டம் போட்டோமே, நினைவிருக்கிறதா? “சங்கத்துக்கு அடுத்த தலைவி யாரு?” என்று கேட்டதும் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினீர்கள். நான் கை தூக்கவில்லை. நீங்கள் தூக்கினீர்கள். வாயைத் திறந்து மறுப்பதற்குள் எல்லாரும் கைதட்டினார்கள். தங்கள் தலையில் விழவில்லை என்ற சந்தோஷத்தில் தட்டினார்கள். அன்று கட்டியிருந்த உங்கள் நீலப் புடவையின் கரை முதற்கொண்டு எனக்கு மறக்கவில்லை.

இப்போது கேளுங்கள். விரிப்பைத் தேய்க்கிற ரோலர் மெஷினின் முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்குமே, கை பட்டால் ரோலர் நின்றுவிடுமே, அதை மேனேஜர் கழற்றிவிட்டார். விரிப்பு சுருண்டு கம்பியில் பட்டாலும் மெஷின் நிற்கிறதாம், வேலை தாமதமாகிறதாம். போன வாரம் சிட்டுவின் கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. இரண்டு பிள்ளைக்காரி. ஆவியில் சூடேறிய ரோலர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விரல்கள் தப்பின. உள்ளங்கை தப்பவில்லை.

“கம்பி திரும்ப வர்ற வரைக்கும் ஒருத்தியும் ரோலரைத் தொடக்கூடாது” என்று சொன்னேன். தலைவி சொன்னால் கேட்க வேண்டும் என்பது நம் வழக்கம். கேட்டார்கள். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? “சரி, தொடாதீங்க. ஆஸ்பத்திரி விரிப்பு அத்தனையும் கையாலயே தேய்ச்சு மடிச்சு முடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க.” அன்றிலிருந்து எல்லாருக்கும் தோள் விட்டுப் போகிறது. அந்த ஆளிடம் கோபப்பட ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை. என்மேல் கோபப்படுகிறார்கள். நான் கிட்டத்தில் இருக்கிறேன் அல்லவா, அது சௌகரியம்.

ஒருத்தியும் எனக்கு எதிர்க்கை வருவதில்லை. இத்தனை வருஷம் விரிப்பின் ஒரு முனையை நான் பிடிக்க, எதிர்முனையை நீங்கள் பிடித்தீர்கள். உங்கள் இடத்துக்கு இன்றுவரை ஆள் இல்லை. ஜன்னல் கொக்கியில் ஒரு முனையை மாட்டிவிட்டு, நானே ஓடி ஓடி மடிக்கிறேன். உங்களைவிட அந்தக் கொக்கி நல்ல எதிர்க்கை. பாதியில் விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போவதில்லை.

என்ன செய்வது என்று எழுதுங்கள். தூக்கிவிட்ட கைக்குப் பொறுப்பு உண்டு.

இப்படிக்கு,
தங்கள் மருமகளைப் பெற்றவள்


பிப்ரவரி 11

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். சிட்டுவின் கையை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், உங்களுக்குக் காட்ட வேண்டுமாம். “அம்மா கோபத்துல பட்டினி கிடப்பாங்க அத்தை, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க” என்று உங்கள் மகள் சொல்லச் சொன்னாள்.

நீங்கள் செய்தது சரி. நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தலைவியாக இருப்பது தனியாக இருப்பதுதான், சம்பந்தி. அந்தப் பாரத்தை நீங்களே சுமக்கப் பார்க்காதீர்கள். தினமும் கொஞ்ச நேரம் ஒதுங்கிப் போய்க் கடவுளிடம் பேசுங்கள். அவரிடம் இறக்கி வையுங்கள். அவர் கைவிட மாட்டார்.

கல்யாணப் படத்தை இந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி 17

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

படத்தை மாட்டியிருக்கிறீர்களா? நல்லது. அதில் என் பாதி முகம் தூணுக்குப் பின்னால் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெண்ணைப் பெற்றவளை ஓரத்தில் நிறுத்தியது யார் என்றும் நினைவிருக்கும்.

யோசனை கேட்டு எழுதினால் உபதேசம் அனுப்புகிறீர்கள். சரி, அதையும்தான் செய்து பார்ப்போமே என்று உலர்த்தும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே சூடு, இரைச்சல், யாருக்கும் காது கேட்காது. கடவுளிடம் பேசினேன். பேசினேன் என்ன, கத்தினேன். “உன்னைக் கும்பிடாத நாள் உண்டா? என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போனப்ப ஒரு வார்த்தை கேட்டேனா? இப்பக் கேக்கறேன். என்னைப் பிடிச்சு இந்த இடத்துல நிறுத்தத் தெரிஞ்ச உனக்கு, கூட ஒரு ஆளை அனுப்பத் தெரியாதா?” என்று கேட்டேன். அவர் வாயே திறக்கவில்லை. மறுநாளும் போனேன். அன்றும் அப்படித்தான். மூன்றாம் நாள் போனபோது பாதியில் கதவைத் திறந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, “யாரோட பேசறீங்க?” என்றாள். “உன்னோட இல்ல, போ” என்றேன். நான் கிறுக்குப் பிடித்துப் புலம்புகிறேன் என்று கூடம் முழுக்கப் பேச்சு.

அந்த அறையைப் பற்றி எனக்கு வேறு ஒரு கணக்கும் பாக்கி. நீங்கள் தலைவியாக இருந்த காலத்தில் மத்தியானச் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தினமும் அதற்குள்தான் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். விரிப்பை என் தலையில் போட்டுவிட்டுப் போவீர்கள். நான் ஒற்றையாய் நிற்பேன். “உள்ளே போய்த் தூங்கறா” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள், மறுக்கவில்லை. தூங்காவிட்டால் ஏன் மறுக்கவில்லை?

சிட்டு கட்டுப் போட்ட கையோடு வேலைக்குத் திரும்பிவிட்டாள். அழுக்குத் துணி பிரிக்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். யாருக்காக இதெல்லாம் செய்கிறேனோ அவளே வந்து, “விட்டுடுங்க பெரியம்மா. என்னாலதான் எல்லாரும் கஷ்டப்படறாங்கன்னு என்னை முறைக்கிறாங்க” என்கிறாள். ரேடியோவைத் தெரியும் அல்லவா, வாய் மூடாதவள், அவள் சொன்னது: “உன் வீம்புக்கு எங்க தோள்பட்டைதான் கிடைச்சுதா?”

மேனேஜரும் கூப்பிட்டார். “வயசானவங்க, ஏன் நின்னுக்கிட்டே வேலை பாக்கறீங்க? வாசல்ல நாற்காலி போட்டுத் தர்றேன், வர்ற போற வண்டியைப் பாத்துக்கிட்டா போதும்” என்றார். “அந்த நாற்காலியில கம்பியை உட்கார வைங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது என்னவோ சொல்லிவிட்டேன். பயந்துதான் போனேன். அதைச் சொல்ல எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம். ரோலரை ஓட்டலாமா, என்னை மாற்றலாமா என்று பேசப் போகிறார்கள். என்னை மாற்றினால் திங்கட்கிழமை கம்பி இல்லாமலே ரோலர் ஓடும். அடுத்து யாருடைய கை?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நிச்சயம் முடிந்த மறுநாள் காலையில் என்னைப் பார்த்து “வாங்க சம்பந்தி” என்றீர்கள். அதற்கு முந்தின நாள் வரை “அடியே” தான். அந்த “அடியே” எங்கே போயிற்று? மகளைக் கொடுத்தேன், சரி. அதற்கு வட்டியாகச் சிநேகிதியையும் எடுத்துக்கொண்டீர்களா?

இப்படிக்கு,
பாதி முகக்காரி


பிப்ரவரி 21

அடியே,

“அன்புள்ள சம்பந்திக்கு” என்று ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். நீங்க, வாங்க என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள்தான், “பெண்ணோட அம்மாவை அடியேன்னு கூப்பிட்டா நாளைக்கு இந்த வீட்டுல அந்தப் பெண்ணுக்கு என்ன மரியாதை இருக்கும்?” என்று சொன்னார்கள். உன் மகளுக்காக மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு “நீங்க”வுக்கும் உன் முகம் சுண்டியதை நான் பார்க்காமல் இல்லை.

நான் தூங்கவில்லை. அந்த அறையில் ஒரு நாள்கூடத் தூங்கவில்லை.

கூடத்தை மூடப் போகிறார்கள் என்று பேச்சு வந்த வருஷம் நினைவிருக்கிறதா? அப்போது ஆரம்பித்தது. அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பயமாக இருக்கிறது என்று தலைவி யாரிடம் சொல்வாள்? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காய்கிற துணிகளுக்கு நடுவே நின்று அழுவேன். நானும் அவரைத் திட்டியிருக்கிறேன். உன் அளவுக்கு எனக்கு வாய் கிடையாது, ஆனாலும் திட்டியிருக்கிறேன். எனக்கும் பதில் வந்ததில்லை. அழுது தீர்த்தேன் என்று சொல்வதைவிட, தூங்கினேன் என்று நீ சொன்னதே எனக்குக் கௌரவமாக இருந்தது. அதனால்தான் சிரித்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வருவேன். நீ அங்கேயே நிற்பாய். “வந்துட்டாங்க மகாராணி” என்று வைதுகொண்டே நிற்பாய். ஆனால் விரிப்பைக் கீழே போட்டிருக்க மாட்டாய். என் முனையும் தரையில் படாமல் சேர்த்துப் பிடித்திருப்பாய். நான் என் முனையை வாங்கியதும் பயம் விட்டுப் போகும். இப்படி எத்தனையோ நாள். இங்கே வந்து, மடிக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பதிலை வெளியே நிற்க வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பதில் வரவில்லை என்று அழுதிருக்கிறேன்.

வாய் கெட்ட பதில். இருந்தாலும் அவர் அனுப்பியதுதான்.

உனக்கு யாரை அனுப்புவார் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன். கொக்கியில் மாட்டாதே. நீ கொக்கியில் மாட்டி மடித்தால், இவளுக்கு ஆள் வேண்டாம் போல என்றுதானே நினைப்பார்கள்? அவரிடம் ஆள் கேட்டுவிட்டு, வந்தால் பிடிக்க ஒரு முனையைக்கூட மிச்சம் வைக்காமல் இருக்கிறாய். நீட்டிப் பிடித்துக்கொண்டு நில். கை வலிக்கும். வலிக்கட்டும். நில்.

உன்
எதிர்க்கை


மார்ச் 1

அடியே,

தூங்கவில்லை என்று இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறாய். அன்றைக்கே சொல்லியிருந்தால் உன்னோடு உள்ளே வந்து நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். சொல்லாதது உன் குற்றம். மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருக்காதே.

வெள்ளிக்கிழமை காலையில் நீ எழுதியபடி நின்றேன். கூடத்தின் நடுவில், பெரிய விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு மறுபாதியை முன்னால் நீட்டினேன். பாதி தொங்கித் தரையைத் தொடப் பார்த்தது. எக்கி எக்கித் தூக்கினேன். எல்லாரும் பார்த்தார்கள், ஒருத்தியும் நகரவில்லை. “என்ன, துணியைக் காயப் போட்டிருக்கியா, உன்னையேவா?” என்றாள் ரேடியோ. சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. கொக்கி இரண்டு எட்டில் இருந்தது. “கடவுளே, இந்தக் கும்பலுக்கு முன்னால என்னைக் கோமாளி ஆக்காதே. ஆக்கினா உன்னோட எனக்குப் பேச்சு கிடையாது” என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அழுக்குத் துணி மூட்டைகளுக்குள்ளிருந்து சிட்டு எழுந்து வந்தாள். நல்ல கையால் ஒரு மூலையைப் பிடித்தாள். கட்டுப் போட்ட கையால் மற்ற மூலையைப் பிடிக்க முடியவில்லை. குனிந்து, அதை மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். இடுக்கியபடியே, “மடிங்க பெரியம்மா, கழுத்து வலிக்குது” என்றாள்.

எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட அந்தக் கையை அதுவரை ஒருத்தியும் நேராகப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். விரிப்பை இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நான் நின்றேன். எனக்குக் கண் மறைத்தது. ஆவி என்று வைத்துக்கொள்.

“ஐயய்யே, ஆஸ்பத்திரித் துணிடி, எச்சில் படுது, விடு!” என்று ரேடியோதான் பாய்ந்து வந்து அந்த மூலையைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் விடவில்லை. நானும் அவளும் மடித்தோம். அடுத்த விரிப்பையும் மடித்தோம். அவள் வாய் மூடவே இல்லை, என்னைத்தான் வைதாள். ஆனால் மூலைக்கு மூலை சரியாகச் சேர்த்தாள். எனக்கு வந்த பதிலைப் பார்த்தாயா? உனக்கு என்னை அனுப்பினார், எனக்கு அவளை அனுப்பியிருக்கிறார். ஆள் தேர்வில் அவருக்கு ஒரு குறும்பு இருக்கிறது. இதைப் பற்றி உலர்த்தும் அறையில் அவரிடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றியும் சொன்னேன். சண்டைக்கு நடுவில் சொன்னேன், கேட்டிருக்கும்.

கம்பி இன்னும் வரவில்லை. மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிறார். ஆனால் ரோலரை ஓட்ட ஒருத்தியும் போகவில்லை. தோள் வலிக்குத் தைலம் ஒரே பாட்டில், கைமாறிப் போகிறது. நேற்று எனக்கும் வந்தது.

பேத்தியின் பல்லைப் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் நீயே கூட்டிக்கொண்டு வா. வந்தால் ஒரு நாள் கூடத்துக்கும் வரவேண்டும். ரேடியோவுக்கு விடுப்புக் கொடுக்கலாம்.

கூட்டத்தைச் சொல்லாமல் விட்டேனே. “யாரு தலைவி?” என்று வழக்கம்போலக் கேட்டார்கள். எல்லாரும் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்கள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நீ இல்லை. என் மணிக்கட்டை யாரும் பிடிக்கவில்லை.

நானே தூக்கினேன்.

உன்
எதிர்க்கை