மூடக்கூடாத விதை

ஆகஸ்ட் 20, புதன்

விதை வந்துவிட்டது. ஸ்னாப்டிராகன், நெட்டை ரகம், மூன்று பொட்டலம். ஒன்றைப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். மூக்குப்பொடி மாதிரி இருக்கிறது. மூச்சுப் பட்டால் பறந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டே பார்த்தேன். இதிலிருந்து இடுப்புயரத் தண்டு, அதில் அடுக்கடுக்காகப் பூ. நம்ப முடியவில்லை. நம்பித்தான் ஆக வேண்டும்.

அப்பா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "கெணத்து மேட்டு வயலு தை முடிய உனக்கு. பூ வந்து, வாங்கறவங்க வாங்குனா இங்கயே இரு. இல்லீன்னா மாசி ஒண்ணாந்தேதி சேலத்துக்குப் போயிரோணும் சாமி. உன்ற வேலைய இன்னும் யாருக்கும் குடுக்கலயாம்."

சரி என்றேன்.

ஆகஸ்ட் 21

இரண்டு பொட்டலம் விதைத்தேன். குழித்தட்டில் ஈரமான தென்னை நார்த்தூள், அதன் மேல் ஈர்க்குச்சியின் நுனியால் ஒவ்வொரு விதையாக. மூடக் கூடாது. வெளிச்சம் பட்டால்தான் இது முளைக்கும். கழுத்து போய்விட்டது.

ஆகஸ்ட் 22

மலையிறங்கி நாமக்கல்லுக்குப் போய் அனுராதா அக்காவைப் பார்த்தேன். கல்யாண மேடை ஜோடனை செய்கிறவர். பெங்களூரிலிருந்து வரும் பூ பாதி வாடித்தான் வருகிறதாம். "தையில மொத முகூர்த்தத்துக்கு நேரான தண்டா குடு, எடுத்துக்கிறேன். வளஞ்சது வேண்டாம்" என்றார்.

மாலையில் வீட்டுக்கு வந்தால் தட்டு முழுக்கச் செம்மண். அதன் மேல் சாம்பல்.

அம்மா சிரித்துக்கொண்டு நின்றாள். "அவசரத்துல மூட மறந்துட்டுப் போயிட்டயே கண்ணு. எறும்பு தூக்கீட்டுப் போயிருமல்ல. சலிச்ச மண்ணாப் பாத்துத்தான் போட்டேன்."

முப்பது வருஷமாகக் கேழ்வரகும் சாமையும் விதைக்கிறவள். திறந்து கிடக்கும் விதை அவளுக்கு மறதி. வேறு என்னவாக இருக்க முடியும்?

"சரிம்மா" என்றேன். உள்ளே வந்து தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 31

ஒன்றும் இல்லை. தூசியை மண்ணிலிருந்து பொறுக்க முடியாது. இருந்தும் இன்று ஒரு குழியை ஊசியால் கிளறிப் பார்த்தேன். பைத்தியம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கடைசிப் பொட்டலம். என் அறை ஜன்னலடியில் விதைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். அம்மா வெளியே நின்று, "நாந் தொட மாட்டேன் சாமி. அதுக்குன்னு கதவ ஏன் சாத்தற?" என்றாள். பதில் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். ஏன் வாய் வருவதில்லை எனக்கு?

செப்டம்பர் 18

முளைத்திருக்கிறது. பச்சைப் புள்ளிகள். கண்ணை ஒட்டி வைத்தால்தான் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 29

நாற்றை வயலில் நட்டாயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டு. இதற்குமேல் விதையில்லை, நாளும் இல்லை.

நவம்பர் 15

நாலு ஜோடி இலை விட்டதும் கொழுந்தைக் கிள்ளினேன். கிள்ளினால்தான் பக்கத்தில் கிளைத்து ஒன்றுக்கு நாலைந்து தண்டு வரும். அப்பா மிளகுக் கொடி ஏறியிருக்கும் மரத்தடியில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"வளர்றத வளர உடாம கிள்ளிப் போடறயே. இதுக்கு ரெண்டு ஆட்ட அவுத்து உட்டிருந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சிருக்குமே."

நானும் சிரித்திருக்க வேண்டும். குனிந்தபடியே கிள்ளிக்கொண்டிருந்தேன். அவர் துண்டை உதறிவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 29

ஐந்தாவது நாளாக மழை.

நவம்பர் 30

மழை. வாய்க்கால் வெட்டி வெட்டிக் கை கொப்பளித்துவிட்டது. வேர் அழுகி அறுபது செடி போச்சு. மிச்சத்துக்கு என்ன செய்ய? என்னதான் செய்ய?

டிசம்பர் 11

நான் வேலை பார்த்த சேலம் மருத்துவமனையிலிருந்து அப்பாவுக்குப் போன். "வந்துருவாளுங்க" என்று அவர் சொன்னது சமையலறை வரை கேட்டது.

இங்கேயாவது எழுதுகிறேன். சேலத்தில் இரண்டு வருஷம், பணம் கட்டும் இடத்தில், அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எதிரில் எப்போதும் யாரோ அழுதுகொண்டிருப்பார்கள். நான் ரசீதை நீட்ட வேண்டும். யாரும் என்னைக் கொடுமை செய்யவில்லை. அதனால்தான் சொல்லத் தெரியவில்லை. முதலில் சாப்பாடு இறங்காமல் போயிற்று. பிறகு வாசிப்பு. பையில் வைத்திருந்த நாவலில் நாலு மாதமாக ஒரே பக்கம். எழுத்து தெரிகிறது, உள்ளே போகவில்லை. ஒரு நாள் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் மதியம் வரை அங்கேயே இருந்தேன். வீட்டில் "லீவு" என்று சொல்லி வந்தேன். அவர்களுக்கு இன்னும் அது லீவுதான்.

திரும்பப் போனால் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். அதை எழுதப் போவதில்லை.

டிசம்பர் 24

வலை கட்டினேன். மூங்கில் குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில் ஒன்று, அதற்குமேல் ஒன்று. சாயாமல் நேராக வளர வேண்டும். கீழ் இலைகளில் துரு நோயின் புள்ளி. பறித்துப் பறித்து எரிக்கிறேன். எத்தனை முறை எண்ணினாலும் செடி நூற்று ஐம்பத்திரண்டுதான்.

ஜனவரி 20, செவ்வாய்

பூ. மஞ்சள், வெள்ளை, கருஞ்சிவப்பு. அம்மா ஒன்றைப் பக்கவாட்டில் அமுக்கினாள். அது வாயைத் திறந்தது. "அட, இது பேசற பூவு" என்றாள். மறுபடி அமுக்கினாள். "நீதான் பேச மாட்டேங்கற."

ஜனவரி 26

நாளை முதல் வெட்டு. தண்டின் அடியில் மூன்றில் ஒரு பங்கு பூ மலர்ந்திருந்தால் போதும். நாளை மறுநாள் முகூர்த்தம். அனுராதா அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அப்பா தானாகவே, "நாங் கொண்டு போறேன். உனக்கு அந்த மலைப்பாத வளைவெல்லாம் ஒத்துக்காது" என்றார். ஆகஸ்டில் வழியெல்லாம் வாந்தி எடுத்ததை நான் சொல்லவே இல்லையே. துப்பட்டாவைப் பார்த்திருப்பார்.

ஜனவரி 27

எல்லாம் முடிந்தது.

விடியும்போது முந்நூறு தண்டு, இரண்டு பக்கெட். "நிமித்தியே வெச்சுக்கங்கப்பா" என்றேன். தலையாட்டிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினார்.

பத்தரைக்குப் படம் வந்தது. ஒவ்வொரு தண்டும் நுனியில் கொக்கியாக வளைந்திருக்கிறது. பின்னாலேயே அனுராதா அக்காவின் போன். "ஏம்மா, இத மேடையில எப்படிச் சொருகறது? உங்கப்பாகிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல. வாசல்லயே நிக்கிறார்."

நாலு மணிக்குத் திரும்பி வந்தார். பூவையும் கொண்டுவந்திருந்தார்.

"மூணாவது வளைவுலயே தண்ணி சிலும்பி முன்னாடி இருந்தவங்க மேல ஊத்திருச்சு. கண்டக்டர் கத்தறான். தண்ணியக் கொட்டீட்டு, பூவெல்லாம் மடியில படுக்க வெச்சுத் துண்டப் போட்டு மூடிப் புடிச்சுக்கிட்டேன். எழுவது வளைவு. ஒண்ணுகூட ஒடியல கண்ணு, நீயே பாரு."

ஒன்றுகூட ஒடியவில்லை. படுக்க வைத்தால் இந்தப் பூவின் நுனி சில மணி நேரத்தில் வானத்தைப் பார்த்துத் திரும்பிவிடும். எனக்குத் தெரியும். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். அவரிடம் சொன்னது "நிமித்தியே" என்ற ஒரே சொல். ஏன் என்று சொல்லவில்லை. மலையிலிருந்து எதை இறக்கினாலும் ஒடியாமல் இறக்குவதுதான் அவர் அறிந்த கவனம். பிள்ளையை வைத்திருப்பது போல மூன்று மணி நேரம் வைத்திருந்திருக்கிறார்.

"என்ன தப்புப் பண்ணுனேன் சாமி?" என்றார்.

ஜனவரி 28

அங்கே இப்போது தாலி கட்டியிருப்பார்கள்.

காலையில் அப்பாவை வயலுக்குக் கூப்பிட்டேன். ஒரு தண்டை வெட்டி மண்ணில் படுக்க வைத்தேன். "இப்படியே கெடக்கட்டுங்கப்பா, மத்தியானம் பாருங்க." மத்தியானம் நுனி எழுந்திருந்தது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். "உசுரு இருக்கற வரைக்கும் மேலதான் பாக்குமாட்ட இருக்குது. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

அப்புறம் சேலத்தையும் சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. படிக்கட்டைச் சொன்னேன். சோறு இறங்காததைச் சொன்னேன். "அங்க என்னால முடியலீங்கப்பா." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வரப்பில் இருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். முடித்ததும், "இன்னும் எத்தன தண்டு இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 3

அனுராதா அக்காவிடம் நானே பேசினேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நாளை மறுநாள் ஒரு நிச்சயதார்த்தம், நூற்று நாற்பது போதும் என்றார். "நேரா இருந்தா மட்டும்."

பிப்ரவரி 4

அப்பாதான் போனார். குறுகிய வாய்க் குடம் இரண்டு, தண்ணீர் ஒரு சாண் மட்டும். ஜன்னலோர சீட்டுக் கம்பியில் துண்டால் கட்டினாராம். குடங்களுக்கு இரண்டு டிக்கெட். தனக்கு இடமில்லாமல், அத்தனை வளைவுக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டு போனாராம். யாரோ, "ஏனுங்க, குடத்துல சாமியா?" என்று கேட்டதற்கு, "ஆமாங்க, படுக்காத சாமி" என்றாராம்.

அனுராதா அக்கா அனுப்பிய படத்தில் எல்லாம் நேராக நிற்கின்றன. அடுத்த வாரமும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது. கொஞ்சம்தான்.

பிப்ரவரி 13, வெள்ளி. மாசி 1

சேலத்துக்கு எடுத்து வைத்த பை கட்டிலடியில் கிடக்கிறது. காலையில் போன் அடித்தது. அப்பா எடுத்தார். "இல்லீங்க, அவ வரமாட்டாளுங்க. இங்க வேல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் வெளியே போனார்.

புதுப் பொட்டலம் விதைத்தேன். வெயில் காலம் தாங்குமா, தெரியாது. துருப் புள்ளியும் முழுக்கப் போகவில்லை. தட்டை வெளிச்சத்தில், வாசலிலேயே வைத்திருக்கிறேன்.

அம்மா பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மண்ணைத் தொடவில்லை. கையில் ஒரு கோழி இறகு. ஏறி வரும் எறும்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறாள்.