இறக்கத்தில் விட்ட பிரேக்

செவ்வாய், இரவு

உடப்புசல்லாவை மலைச்சாலை இறக்கத்தில் இன்று பைக்கின் முன் பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் ஏழு மாதக் கர்ப்பிணியாக என் மனைவி கலா. பின் பிரேக் மட்டும் போதவில்லை. கியரைக் குறைத்து, தேயிலைச் செடிகளில் உரசித்தான் நிறுத்தினேன்.

"ஏங்க, ஏன் இங்க நிப்பாட்டிட்டீங்க?"

"எஞ்சின் சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறட்டும்." பொய் சொன்னேன்.

கராஜுக்குப் போனபோது பிரேக் நன்றாகப் பிடித்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் மெக்கானிக் என்னைத் தனியாக அழைத்தார். "எறக்கம் முழுக்க பிரேக்கையே அமுத்திட்டு வந்தீங்களா? பிரேக் ஒயில் பழசு, சூட்டுல கொதிச்சிருக்கு. ஆறினா புடிக்கும், சூடானா திரும்பவும் விட்டுரும்." புது ஒயில் ஊற்றிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கிளினிக். பஸ்ஸில் போவோம் என்று படுக்கும்போது கலாவிடம் சொன்னேன்.

"பஸ்ஸுல கொமட்டுதுங்க. ஒங்க பின்னால ஒக்காந்தா எனக்குப் பயமே இல்ல."

பிரேக் விட்டதைச் சொல்லாமலே அவளுக்குப் போர்வையை இழுத்து விட்டேன். தூங்கிவிட்டாள்.