பத்து மீட்டர்க் கயிறு

2024 மார்ச் 19, செவ்வாய்

மார்ச்சில் மட்டும்தான் எங்கள் கந்தோருக்கு ஜீப் கிடைக்கும். வருசத்துக் கள ஆய்வெல்லாம் இந்த ஒரே மாதத்தில் ஓடி முடிக்க வேண்டும். இன்று நீர்த்தேக்கத்தில் ஐந்து மிதக்கும் விடுதிகள். கடைசியாக மடவளை சாஹுல் ஹமீதுடையது. டிரம்களின் மேல் இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. கழிவுத்தொட்டி சரி, லைஃப் ஜாக்கெட் சரி.

போன வருடம் ஒரு விடுதி மிதந்து போய்க் குடிநீர் எடுக்கும் இடத்தில் முட்டியது. அதனால் நங்கூரக் கயிற்றைச் சுருக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஆழம் அளந்தேன், ஆறு மீட்டர். "கயிறு பத்து மீட்டருக்கு மேல வேணாம்" என்றேன்.

ஹமீதின் மருமகன் முஸ்அப் தயங்கினான். "மழைக்குத் தண்ணி கூடினா பத்தாதே மிஸ்?"

நோன்பு பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவனிடம் எரிந்து விழுந்தேன். "சொன்னதைச் செய்யுங்க தம்பி." ஹமீது கரையில் இருந்தார், அவருக்குக் கேட்டிருக்காது. மஹய்யாவவில் வீட்டுக்கு வந்து சேர ஆறரை ஆகிவிட்டது. கால் வீங்கியிருக்கிறது.

ஜூன் 4

ஹமீதின் அனுமதிப்பத்திரம் கையெழுத்தாகி அவருக்குப் போய்விட்டது. கயிற்றின் நீளம் எழுத அதில் கட்டமே இல்லை.

டிசம்பர் 9, திங்கள்

ஒரு வாரமாக மழை. நீர்த்தேக்கம் நிரம்பிவிட்டது. இன்று காலை ஹமீதின் விடுதியின் ஒரு மூலையைக் கயிறு கீழே இழுத்துப் பிடித்து, குசினிக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது. முஸ்அப் குதித்துக் கயிற்றை அறுத்தானாம். விடுதி அடித்துக்கொண்டு போய்ப் பாறையில் உடைந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்று எத்தனை தடவைதான் எனக்கே சொல்லிக்கொள்வது?

டிசம்பர் 12

மேலதிகாரி சேர் கூப்பிட்டார். "கயிறு கட்டினது அவங்கதானே, கஜலட்சுமி? அப்படியே எழுதிடுங்க." நான் வாயைத் திறந்தேன். நான்கு வருடத்தில் பென்ஷன். மூடிக்கொண்டேன்.

'உரிமையாளர் தரப்பு தன்னிச்சையாகக் குட்டையான கயிறு பயன்படுத்தியுள்ளது.' கையெழுத்து என்னுடையது. அனுமதி ரத்து.

டிசம்பர் 13

அணைச் சுவரில் தண்ணீர் முழுக்க நிரம்பினால் எட்டும் நீர்மட்டக் கோடு கறுப்புப் பெயிண்டில் போட்டிருக்கிறது. ஜீப்பிலிருந்து இறங்கினாலே தெரியும். அதைப் பார்க்காமல் மார்ச்சில் அன்றைய தண்ணீரை மட்டும் அளந்தேன். என்ன உத்தியோகம் இது?

2025 ஜனவரி 24, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஹமீது கந்தோருக்கு வந்தார். ஏசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டார் — என்னிடம்!

"எல்லாம் மருமகன்ட வேலை மிஸ். ஒங்களுக்கும் கரைச்சல் குடுத்திட்டோம். வீட்ட விட்டுப் போகச் சொல்லிட்டேன். மகள் இல்மாவும் அவனோட போயிட்டா."

மேசையில் இருந்த கோப்பைத் திறந்து திறந்து மூடினேன். அவர் போன பிறகு கழிவறையில் நின்று அழுதேன். வெட்கம் கெட்டவள்.

ஜனவரி 31

கடிதம் கொடுத்தாயிற்று. 'பத்து மீட்டர் என்று சொன்னது நான். தண்ணீர் கூடினால் பத்தாது என்று முஸ்அப் எச்சரித்தும் நான் கேட்கவில்லை.' சேர் இரண்டு தரம் வாசித்தார். "பென்ஷனை யோசிச்சீங்களா?" என்றார். யோசித்தேன் என்றேன். விசாரணை வருமாம். வரட்டும்.

பெப்ரவரி 2, ஞாயிறு

பஸ் ஏறி மடவளைக்குப் போனேன். ஹமீதின் மனைவி கைரியா கதிரை போட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஹமீது தலை நிமிரவே இல்லை.

"அவன் அண்டைக்கே சொன்னான் மிஸ், நீங்கதான் சொன்னீங்கன்னு. கவர்மெண்ட் மிஸ் அப்பிடிச் சொல்ல மாட்டாங்கன்னு நான்தான் அவனுக்கு அடிச்சேன்."

கைரியா உள்ளே போய் மகளுக்குப் போன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.