தும்பி வளர்த்த கடைசிக் கல்

ஜூன் 4

தும்பி, உன் ஆய்வுக்கூடத்துத் தோழி வந்திருந்தாள். சோடாபுட்டி என்று கேலி செய்வாயே, அவள்தான். நீ போன பிறகு உன் வேலையை அவள்தான் பார்க்கிறாளாம். டீ கொடுத்தேன். ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

நீ வளர்த்த கற்களில் இரண்டுதான் தேறியதாம். கல் இல்லை, படிகம் என்று திருத்துவாய். எனக்குக் கல்தான். புரதத்தை ஒரு சொட்டில் வைத்து, மாதக்கணக்கில் அசைக்காமல் காத்திருந்து வளர்த்தாயே. "நான் வளர்க்கிறது வச்ச இடத்துல இருக்கும்மா. நீ வளர்த்தது மாதிரி ஊர் சுத்தாது" என்பாய்.

ஒன்றை எக்ஸ்ரேயில் வைத்துக் கெடுத்துவிட்டாளாம். "அவசரத்துல கதிரைக் கூட்டி வச்சிட்டேன்மா. கல்லைப் பாதி சுத்துறதுக்குள்ள எரிஞ்சுபோச்சு. எல்லாப் பக்கமும் படம் கிடைச்சாதான் அந்தப் புரதத்தோட உருவம் வரும்." அழுதாள். இனி ஒன்றுதான் மிச்சம். படம் எடுத்தால் அதுவும் சாகும். "எங்க லேப் சார் உங்ககிட்ட கேட்கச் சொல்லல. எனக்குத்தான் மனசு கேட்கல."

தர மாட்டேன் என்றேன். உன் கை வளர்த்ததில் அதுவாவது இருக்கட்டும்.

ஜூன் 5

கம்பெனிக்குத் துணி தேய்க்கப் போனேன். ஒரு சட்டைக் காலரைக் கருக்கிவிட்டேன். சூப்பர்வைசர் அதை வாங்கி மடித்து ஓரமாக வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 7

உன் அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இன்று சாப்பிடும்போது வாயைத் திறந்தார். "நகையா அது, பீரோவுல பூட்டி வைக்க? அந்த உருவத்தப் பார்க்கணும்னுதானே புள்ள ராப்பகலா அலைஞ்சா?"

பெத்த வயிறு எரியறது உங்களுக்கென்ன தெரியும் என்று கத்திவிட்டேன். எழுந்து போனார். குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் முகம் கழுவினார் — நான் அப்படிக் கேட்டிருக்கலாமா?

ஜூன் 9

சோடாபுட்டி கூட்டிப்போய்க் காட்டினாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். "என்னடி, முள்ளு முள்ளா இருக்கு" என்றேன். "அம்மா, அது உங்க இமை முடி" என்றாள். சிரித்துவிட்டோம். நான் சிரித்தேன், தும்பி.

அப்புறம் தெரிந்தது. உப்புக்கல்லைவிடச் சின்னது. ஓரமெல்லாம் வெட்டி வைத்தாற்போல. சொட்டின் மேலே பாலாடை மாதிரி ஏதோ படிந்திருந்தது. "சொட்டு காயுதும்மா. வச்சிருந்தாலும் நிக்காது."

எடுத்துக்கொள் என்று தலையை ஆட்டினேன்.

ஜூன் 12

எடுத்துவிட்டார்கள். கதிரைக் குறைத்து வைத்து, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி. முழுச் சுற்றும் வந்ததாம்.

கல் போயிற்று.

ஜூன் 20

உருவம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ரிப்பனைச் சுருட்டிச் சுருட்டிப் போட்டது போல இருக்கிறது. உன் அப்பா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இதுல எதும்மா தலை, எது கால்?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எடுத்த படமெல்லாம் சேர்த்தாயா என்று கேட்டேன். இல்லையாம். "கடைசியா எடுத்ததுல கதிர் பட்டுப் பட்டுக் கல்லு அடிபட்டிருக்கும்மா. படத்துல விழுற புள்ளியெல்லாம் மங்கிடும். அதையும் சேர்த்தா, நல்லா இருந்தப்ப எடுத்ததும் கெட்டுடும். ஒரு இடத்தோட நிறுத்திக்கணும். அவதான் எனக்குச் சொல்லிக்குடுத்தா."

அவள் போனதும் போனை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் எடுத்த படங்கள். மொட்டைத் தலையும் வெடித்த உதடுமாக நீ. கண்ணை மூடினால் அந்த முகம்தான் வருகிறது. என்னோடு சண்டை போட்ட முகம், கதவை அறைந்து சாத்திய முகம் — எதுவும் வரமாட்டேன் என்கிறது. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன்.

ஒரு படத்தில் சிரிக்கிறாய். ஸ்பூனால் நான் கொடுத்த தண்ணீர் மூக்கில் ஏறி, "கொல்லப் பாக்குறியா கெழவி" என்றாயே, அப்போது எடுத்தது.

விரலை எடுத்துவிட்டேன்.

கல்லுக்கு அது சரி. உன்னை நான் எந்தப் படத்தோடு நிறுத்துவது, தும்பி?