மணிச்சட்டத்தின் முதல் மணி

என் ஆசை அம்மாவுக்கு,

நீ போனதிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்பதில்லை. இப்போது உன்னிடம் கேட்டே ஆகவேண்டிய ஒன்று வந்து, உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு மணிச்சட்டம் வந்திருக்கிறது. மரச்சட்டத்துக்குள் கம்பிகள், கம்பிக்குப் பத்து மணி. தள்ளித் தள்ளிக் கூட்டலாம், கழிக்கலாம். மணலில் கூழாங்கல் வைத்து எண்ணியவர்கள்தான் பிறகு மணியைக் கோத்தார்கள், சீனாவில் கடைக்காரர்கள் இந்த மாதிரிச் சட்டத்தில்தான் கணக்குப் போடுகிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். யார் கேட்டார்கள்? மணியைத் தொடுவதற்கு ஒரே அடிதடி.

முதல் மணியைத் தள்ளி, "எங்கே, எண்ணுங்க" என்றேன். மொத்த வகுப்பும் கத்தியது: "லாபம், ரெண்டு, மூணு!"

எனக்குச் சுருக்கென்றது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள். பிள்ளைகள் கேட்டு வளர்ந்தது அதுதான். ஆனால் எனக்குக் கேட்டது உன் குரல். மிராசுதார் களத்தில் கூலி அளந்தபோது, "யாருக்குங்க லாபம்? இது எங்க கூலி. ஒண்ணுன்னு சொல்லி அளங்க" என்றாயே. அந்த அறுவடை முழுக்க உன்னை வயலில் இறங்க விடவில்லை.

நானும் "ஒண்ணுன்னுதான் சொல்லணும்" என்று பிள்ளைகளைத் திருத்தினேன். மறுநாளே மிராசுதார் வந்துவிட்டார்.

"லாபம்னு ஆரம்பிக்கிறது மங்களம். உங்க அம்மா புத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டாராதீங்க டீச்சர். மாத்தலுக்கு எழுதிப்போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"எழுதிக்குங்க" என்றேன். அவருக்கு நான் அசரவில்லை.

அசர வைத்தவள் அஞ்சலை, உன்னோடு நடவு நட்டவள். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணைக்காரர்களிடமிருந்து எடுத்த நிலத்தில் அவளுக்கும் பட்டா கிடைத்து, இது முதல் அறுப்பு. வாசலில் நின்று கேட்டாள்: "ஊர்ல எல்லாருக்கும் லாபம் வந்து முடிஞ்சிச்சு. எங்க முறை வர்றப்பதான் ஒண்ணுன்னு சொல்லச் சொல்றீங்களா டீச்சர்?"

என்ன பதில் சொல்வது, அம்மா? நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாயா, சண்டைக்குப் போயிருப்பாயா?

நாளை அவள் களத்தில் அளப்பு. என்னைத்தான் எண்ணக் கூப்பிட்டிருக்கிறாள். போவேன். அவள் நெல்லை அளக்கும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி லாபம் என்று கூவுவேன். அறுத்தவர்களின் கூலியை அளக்கும்போது, அஞ்சலையே முறைத்தாலும், ஒன்றில்தான் ஆரம்பிப்பேன். இது உனக்குச் சத்தியம்.

உன் வாயைக் கொண்டு பிறந்த,
உன் மூத்த மகள்