பெட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று

மித்ரா அம்மா,

இன்று மதியம் கைவேலை வகுப்புக்காக அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில், சார்ட் பேப்பர் சுருள்களுக்குப் பின்னால், நீங்கள் கொண்டுவந்து கொடுத்த துணிப்பை இருந்தது. உங்கள் கார்மெண்ட்ஸில் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள். முடிச்சை அவிழ்த்ததும் புதுத்துணி வாடை குப்பென்று வந்தது. நீலம் எனக்கு, பூப்போட்டது எனக்கு என்று பிள்ளைகள் பாய்ந்தார்கள். உங்கள் மகள் மட்டும் கடைசியாக வந்தாள். ஒரு சாம்பல் நிறத் துண்டை எடுத்தாள், மோந்து பார்த்தாள், மடித்துத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து, "மிஸ், இன்னிக்கு அம்மாவுக்கு இன்னா சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள்.

நீங்கள் இறந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. அது அவளுக்கும் தெரியும். அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான். அப்படியிருந்தும் கேட்கிறாள். இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவர் நீங்கள், ஆகவே அவளுக்கான பதிலையும் உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

நான் இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில், மூன்றாம் வகுப்புக்குப் பெற்றோர் கூட்டம் போட்டால் நானும் நாற்காலிகளும்தான் இருப்போம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பெற்றவர்களுக்கே இல்லாத அக்கறை எனக்கு எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே டைரியில் குறிப்பு எழுதி அனுப்புவேன். அம்மாக்கள் விடிவதற்கு முன்னே வேலைக்குப் பெங்களூர் ரயில் ஏறுகிறார்கள், இருட்டிய பிறகுதான் இறங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தேதான் கோபப்பட்டேன். உங்கள் பாக்டரிக்கு லீவு விட்ட ஒரு நாளில் வகுப்பு வாசலில் வந்து நின்றீர்கள்.

"எழுதாதீங்க மிஸ். நாங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள புள்ளையும் தூங்கிடுது, டைரியும் தூங்கிடுது. பேசி அனுப்புங்க, வர்ற வழில கேட்டுக்கறோம்."

அன்றிலிருந்து சாயங்காலத்தில், பிள்ளைகள் போன பிறகு காலி வகுப்பில் உட்கார்ந்து வாட்ஸ்அப் குரூப்புக்குப் பேசி அனுப்புவது என் வழக்கமானது. யார் இன்று சத்தமாகப் பாடம் படித்தார்கள், யார் சாப்பாட்டை மிச்சம் வைத்தார்கள், யாருக்குப் பல் ஆடுகிறது, எல்லாம். ஓடும்போது சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று வண்டி பங்காருபேட்டையில் நிற்கிற வரைக்கும் காத்திருந்து, உங்கள் போனைத் தூக்கிப் பிடித்து மொத்தப் பெட்டிக்கும் போடுவீர்களாம். பிள்ளையே இல்லாத பேங்க் ஊழியர் ஒருவர், "அந்தப் பையனுக்குப் பல்லு விழுந்துச்சா இல்லியா?" என்று மறுநாள் விசாரித்ததாகச் சொல்லிச் சிரித்தீர்கள். அந்த நெரிசல் பெட்டிக்கு நீங்கள் வைத்த பெயர் கேஜ், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டின் பெயர். "எங்கப்பா கேஜ்ல ஏறி சுரங்கத்துக்குள்ள போனாரு, நான் கேஜ்ல ஏறி பெங்களூர் போறேன்" என்பீர்கள்.

அந்தக் கேஜில்தான் நான் வெடி வைத்தேன். ஒருநாள் வழக்கம்போல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போய், மித்ரா கார்த்திக்கைக் கடித்துவிட்டாள், பல் பதிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கார்த்திக்கின் அம்மா உங்களுக்கு எதிர் சீட். உங்கள் டிபன் பாக்ஸிலிருந்து அப்போது ஒரு வாய் எடுத்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் அவர் வேறு பெட்டியில் ஏறினார். சமாதானமாக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பிறகு நீங்கள் வந்து, கோபமே இல்லாமல், சட்டம் போடுவதுபோல் சொன்னீர்கள்:

"நல்லதைப் பெட்டிக்கு அனுப்புங்க மிஸ். கெட்டதை வீட்டுக்கு அனுப்புங்க. ஊரிகம் ஸ்டேஷன்ல எறங்கி இருட்டுல ஒண்ணா நடந்து போறவங்க நாங்க."

பெட்டிக்கு என்றால் குரூப். வீட்டுக்கு என்றால் அந்தந்த அம்மாவின் நம்பருக்குத் தனியாக. என் பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித்தராத விஷயம் இது. மித்ராவைப் பற்றி வீட்டுக்கு அனுப்ப எனக்கு வாரத்துக்கு ஒன்றாவது கிடைக்கும். உங்கள் பதிலும் வரும், மூச்சு வாங்க, நடந்துகொண்டே: "நான் சொல்லிட்டேன் மிஸ். இனிமே செய்ய மாட்டா." மறுவாரம் வேறொன்றைச் செய்திருப்பாள். வாலு.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்று குரூப்பில் பார்த்தேன். ஞாயிறு போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன். ஞாயிறு வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். இப்போதும் சில காலைகளில் வண்டிச் சத்தம் கேட்டால், மித்ரா அம்மா ஏறியிருப்பார் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்கிறேன்.

மித்ரா பள்ளிக்குத் திரும்பிய முதல் நாளே, "அம்மாவுக்கு அனுப்பிட்டீங்களா மிஸ்?" என்றாள். அனுப்பிவிட்டேன் என்றேன். பொய் இல்லை, உங்கள் நம்பர் குரூப்பில் இருக்கிறதே. ஆனால் அன்று இரவு யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்தபோது 'மித்ரா அம்மா ஊரிகம்' என்ற பெயரும் அதில் இருந்தது. அவள் அப்பாவாக இருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து அவர் வந்தார். பெயிண்ட் கறையோடு பள்ளி கேட்டருகே நின்றார். "அந்த நம்பரை குரூப்புல இருந்து எடுத்துடுங்க மிஸ். போன் சத்தம் கேட்டா அவதான் கூப்புட்றான்னு திரும்பிப் பாக்கறேன். முடியல."

"நீங்கதானே கேக்கறீங்க?" என்றேன்.

"நானா? அந்தப் போனை நான் தொட்றதே இல்லையே."

எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அன்று எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் மித்ரா பக்கத்துப் பெண் வரைந்த படத்தைக் கிழித்தாள். அந்தப் பெண் தன் அம்மாவை வரைந்திருந்தாள். கெட்டது, ஆகவே வீட்டுக்கு. கை பழக்கத்தில் உங்கள் நம்பருக்கே பேசி அனுப்பிவிட்டது. அனுப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அழித்துவிடலாமா என்று பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் கேட்டாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. சின்னக் குரல். ஆனால் மூச்சு வாங்கியது, நடந்துகொண்டே பேசுவதுபோல்.

"நான் சொல்லிட்டேன் மிஸ். இனிமே கிழிக்க மாட்டா."

வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்து பேசினாளோ என்னவோ. நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன்.

மறுநாள் அவள் அப்பாவை வரச்சொல்லி அதைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். "இது நல்லதா மிஸ், கெட்டதா?" என்று கேட்டார். படித்தவள் நான், ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "எனக்கும் தெரியலைங்க" என்றேன். "சரி, இந்த மாசம் இருக்கட்டும்" என்று போனார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். மித்ரா அதன் பிறகு எதையும் கிழிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவள் உங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு நான் உடந்தையா, துணையா? ஒருநாள் ஒன்றாகவும் மறுநாள் வேறாகவும் தோன்றுகிறது. கார்த்திக்கின் அம்மா வேறு, "பெட்டில மித்ராவைப் பத்தி ஒண்ணுமே வர மாட்டேங்குதே மிஸ், எல்லாரும் கேக்கறாங்க" என்கிறார். உங்களுக்குப் பதில் இப்போது அவர்தான் போனைத் தூக்கிப் பிடிக்கிறாராம்.

வகுப்பு காலியாகிவிட்டது. துணிப்பையை முடிந்து மறுபடி மேல்தட்டில் வைத்துவிட்டேன், அந்தச் சாம்பல் துண்டு மட்டும் மேலாக இருக்கும்படி. நீங்கள் விட்டுப்போனது என்னிடம் அந்த ஒரு சட்டம்தான். மைக் பட்டனை அழுத்துவதற்கு முன் அன்றைய பொழுதை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன், பெட்டிக்கு இது, வீட்டுக்கு இது என்று. இதுவரை எதுவும் பிரிபடாமல் நின்றதில்லை.

இன்று ஒன்று நிற்கிறது. உங்கள் மகள் ஒரு துணியை மோந்து பார்த்தாள். எடுத்துக்கொள்ளவில்லை, மற்றவர் கைக்கும் போகவிடாமல் மடித்து உள்ளே வைத்தாள். அழவில்லை. வண்டி பங்காருபேட்டையை நெருங்கியிருக்கும், எல்லோரும் காத்திருப்பார்கள். வீட்டிலும் ஒருத்தி போனோடு உட்கார்ந்திருப்பாள். இதை நான் எங்கே அனுப்புவது, மித்ரா அம்மா? பெட்டிக்கா, வீட்டுக்கா?