திங்கட்கிழமை நீ சொல்லப்போவது

எழில்,

வாய்க்காலில் இன்று நம்ம வயலுக்கு முறைத் தண்ணீர். மடையைத் திறந்துவிட்டு ஒன்பது மணிக்குள் வந்துவிடுவேன். ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது. சட்னியில் காரம் குறைத்திருக்கிறேன். கேஸைத் தொடாதே.

சாயங்காலம் ஐந்து மணிக்கு உன்னைத் திரும்ப அழைத்துப்போக அம்மா வருவாள். நான் கூப்பிட்டால் உள்ளே வரமாட்டாள், நீ கூப்பிடு.

நேற்று நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனது சரிதான். திங்கட்கிழமை கோர்ட்டில் ஜட்ஜம்மா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாரோடு இருக்கப் பிரியம் என்று கேட்பார். "அப்பாவோடதான் இருப்பேன்னு சொல்லு, அம்மா என்னைக் கவனிக்கிறதே இல்லேன்னு சொல்லு" என்று அப்போது சொல்லிக்கொடுத்தேனே, அதை மறந்துவிடு. அதில் இரண்டாவதாகச் சொன்னது பொய். எனக்கும் தெரியும். உன் மனசில் இருப்பதைச் சொல்.

படித்ததும் இதைக் கிழித்துவிடு. எதையும் எழுதி வைக்கக் கூடாதென்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

அப்பா

பைக்கை எடுத்தவன் திரும்பி வந்து எழுதுகிறேன். கிழிக்காதே. "யாராச்சும் சொல்லிக்குடுத்தாங்களாம்மா?" என்று ஜட்ஜம்மா கேட்டால், எனக்காகப் பொய் சொல்லாதே. இந்தச் சீட்டைக் காட்டு.